பிசிஎம் 5102ஏ ஊதா போர்டு: பாட்டு பிரமாதம், ரீசெட் ஆகும் அந்த அரை நொடிதான் வம்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிஜிட்டல் பாட்டை அனலாக்காக மாற்றும் இந்த டிஏசி போர்டை வாங்கலாம். நானே மூன்று வாங்கினேன், மூன்றும் இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கவரைப் பிரித்து, நாலு வயரைச் சொருகி, உடனே பாட்டு கேட்கலாம் என்று நினைத்து வாங்குபவர்களுக்கு இது இல்லை. சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயம், 10 கே (10 கிலோ ஓம்) ரெசிஸ்டர் நாலைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கதை இதுதான். அம்மாவுக்கு அடுப்படியில் வைக்க ஒரு இன்டர்நெட் ரேடியோ செய்தேன். உள்ளே வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர், அதிலிருந்து இந்த டிஏசி போர்டு, அதிலிருந்து 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபையர், பழைய ஸ்பீக்கர் ஒன்று. காலை ஐந்தரைக்குத் தானாகப் பக்திப் பாடல் போடும். பாட்டு நன்றாகத்தான் வந்தது. பிரச்சினை ராத்திரியில். எங்கள் பக்கம் நள்ளிரவில் கரண்ட் போய்ப் போய் வரும். வரும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து யாரோ அண்டாவைக் கீழே போட்ட மாதிரி ஒரு 'டொம்'. அதைத் தொடர்ந்து அரை நொடி கரகரப்பு, அப்புறம் அமைதி. இரண்டு நாள் இது நடந்ததும் வீட்டில் ரேடியோவை ப்ளக்கிலிருந்தே பிடுங்கி வைத்துவிட்டார்கள்.

பொருளைப் பற்றிக் கொஞ்சம். பிசிஎம் 5102ஏ என்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிக்கும் 20 கால் சிப். டிஜிட்டலாக வரும் பாட்டை ஸ்டீரியோ அனலாக்காக மாற்றித் தரும். 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் வாங்கிக்கொள்ளும், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 112 டெசிபல், முழு அளவில் 2.1 வோல்ட் ஆர்எம்எஸ் தரும். உள்ளேயே ஒரு சார்ஜ் பம்ப் இருந்து மைனஸ் வோல்ட்டேஜையும் அதுவே உண்டாக்கிக்கொள்வதால் வெளியே பெரிய கப்பாசிட்டர் போட வேண்டாம், வெளியீடு பூஜ்யத்தைச் சுற்றியே ஆடும். இதை ஊதா நிறத்தில் கட்டைவிரல் அகல போர்டில் ஏற்றி, ஒரு 3.5 மில்லிமீட்டர் ஜாக்கும் வைத்து, முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு விற்கிறார்கள். யார் செய்கிறார்கள் என்று போர்டில் எங்கும் இல்லை. நான் வாங்கிய கடையிலும் கேட்டுப் பார்த்தேன், "சார், எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க, யாரும் திரும்பி வரல" என்பதுதான் பதில்.

முதல் போர்டில் சத்தமே இல்லை. வயரிங் சரி, கோட் சரி, மூன்று தடவை பார்த்தாயிற்று. செத்த சிப் என்று முடிவு கட்டி போர்டைக் கையில் எடுத்தேன், பாட ஆரம்பித்துவிட்டது. கீழே வைத்தால் நின்றது, விரலைப் பின்பக்கம் கொண்டுபோனால் பாடியது. வீட்டில் இதைக் காட்டினால் கைராசி என்பார்கள். சரி, மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்க்கலாம் என்று 17ஆவது காலைத் தொட்டால் பூஜ்யம் காட்டியது, அந்த நொடியே பாட்டும் நின்றது. மீட்டருக்குள் இருக்கும் 10 மெகா ஓம் வழியாகவே அந்தக் கால் கிரவுண்டுக்கு இழுபட்டுப் போகிறது என்றால், அதை வேறு எதுவும் பிடித்து வைத்திருக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்த 17ஆவது காலின் பெயர் எக்ஸ்எஸ்எம்டி. மியூட் கால். அது கீழே, அதாவது கிரவுண்டில் இருந்தால் ஊமை, மேலே, அதாவது சப்ளை வோல்ட்டேஜில் இருந்தால் பாட்டு. டேட்டாஷீட்டில் இந்த சிப்பின் டிஜிட்டல் உள்ளீட்டுக் கால்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அடிக்குறிப்புதான், ஷ்மிட் ட்ரிகர் உள்ளீடு என்று. காலை மேலே இழுத்து வைக்கும் புல் அப் ரெசிஸ்டர், கீழே இழுத்து வைக்கும் புல் டவுன் ரெசிஸ்டர் என்று ஒரு வார்த்தை கிடையாது. அதாவது நீங்கள் ஒன்றும் இணைக்காமல் விட்டால் அந்தக் கால் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, திரிசங்கு மாதிரி அந்தரத்தில் நிற்கும். பக்கத்தில் ஓடும் சிக்னல், சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ், உங்கள் விரல், எது தள்ளினாலும் அந்தப் பக்கம் சாயும். இது சிப்பின் குறை இல்லை, சொல்லித்தான் விற்கிறார்கள். அந்தக் காலை ஒரு பக்கமாகக் கட்டிப்போட வேண்டியது போர்டு செய்பவரின் வேலை.

போர்டு செய்தவர் என்ன செய்திருக்கிறார் என்றால், பின்பக்கம் நாலு இடத்தில் மும்மூன்று பட்டைகளை வைத்து, பக்கத்தில் எச், எல் என்று போட்டிருக்கிறார். நடுப்பட்டையை எந்தப் பக்கத்தோடு ஈயம் வைத்துச் சேர்க்கிறோமோ அதுதான் அந்தக் காலின் நிலை. ஒன்றாவது எஃப்எல்டி (ஃபில்டர் தேர்வு), இரண்டாவது டிஇஎம்பி (டீ-எம்ஃபசிஸ், பழைய பதிவுகளின் கூடுதல் ட்ரெபிளைக் குறைப்பது), மூன்றாவது எக்ஸ்எஸ்எம்டி, நாலாவது எஃப்எம்டி (ஃபார்மட்). சாதாரண உபயோகத்துக்கு ஒன்று, இரண்டு, நாலு மூன்றும் எல் பக்கம், மூன்றாவது மட்டும் எச் பக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எனக்கு வந்த முதல் போர்டில் நாலுமே வெறும் பட்டையாக இருந்தன. இரண்டாவதில் நாலிலும் ஈயம் இருந்தது. ஒரே கடை, ஒரே கவர். ஒரு துண்டுச் சீட்டு கூட உள்ளே இல்லை. 'பட்டைகளைப் பாருங்கள்' என்று ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடப் போகிறது?

இந்த நாலில் எஃப்எம்டி அந்தரத்தில் நின்றால் வரும் கூத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதைக் கேட்டுவிட்டு போலி சிப் என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அது கீழே இருந்தால், சிப்புகளுக்கிடையே டிஜிட்டல் ஒலியை அனுப்பும் ஐ2எஸ் முறையில் படிக்கும், மேலே போனால் லெஃப்ட் ஜஸ்டிஃபைட் முறையில் படிக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட் தள்ளல், அப்புறம் இடது வலது இடம் மாறுவது. ஒரு பிட்தானே என்று தோன்றும். ஆனால் தள்ளிப்போவது குறியைச் சொல்லும் முதல் பிட். மைனஸ் எண்ணெல்லாம் பெரிய ப்ளஸ் எண்ணாகப் படிக்கப்படும், பாட்டு முறத்தில் கல்லைப் போட்டுப் புடைத்த மாதிரி வரும். அப்படி வந்தால் நாலாவது பட்டையைப் பாருங்கள்.

இரண்டாவது போர்டு வேறு ரகம். பத்து முறை ரீசெட் செய்தால் ஏழு முறை பாடும், மூன்று முறை பாடாது. இந்த மாதிரி அரைகுறைப் பிழைதான் ஆளைக் கொல்லும், ஒரேயடியாகச் செத்துப்போனால் கூடத் தேவலை. காரணம் 12ஆவது கால், எஸ்சிகே, அதாவது சிஸ்டம் கிளாக். இந்த சிப்பின் பெரிய வசதியே அந்தக் கிளாக்கை நாம் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான். ஒவ்வொரு பிட்டுக்கும் துடிக்கும் பிசிகே, இடது வலதைப் பிரித்துக் காட்டும் எல்ஆர்சிகே, டேட்டா என்று மூன்று வயர் போதும், மீதியை உள்ளேயே கிளாக்கை உண்டாக்கும் பிஎல்எல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கண் விழித்ததும் சிப் வெளியிலிருந்து எஸ்சிகே வரும் என்றுதான் எதிர்பார்க்கும். மற்ற இரண்டு கிளாக்கும் ஒழுங்காக வர ஆரம்பித்து, எஸ்சிகே மட்டும் தொடர்ந்து 16 எல்ஆர்சிகே சுற்றுக்குக் கிரவுண்டிலேயே கிடந்தால்தான், சரி, இவர்கள் தரப்போவதில்லை என்று புரிந்துகொண்டு பிஎல்எல்லைக் கிளப்பும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 16 சுற்று என்பது ஒரு மில்லிநொடியில் பாதி கூட இல்லை. அந்த நேரத்துக்கு அந்தக் கால் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அது கேட்பது.

அசையாமல் எப்படி இருக்கும்? 13ஆவது கால் பிசிகே. பக்கத்து வீடு. நொடிக்கு லட்சக்கணக்கில் மேலும் கீழும் ஆடும் சிக்னலுக்கு ஒட்டிய மாதிரி ஒரு காலை அந்தரத்தில் விட்டால் அதுவும் சேர்ந்து ஆடத்தான் செய்யும். போர்டின் முன்பக்கத்தில் எஸ்சிகே துளைக்குப் பக்கத்திலேயே இதற்கென்று ஒரு ஜோடிப் பட்டை இருக்கிறது, அதில் ஒரு ஈயப் பொட்டு வைத்தால் கால் கிரவுண்டுக்குப் போய்விடும். வைத்தேன். அதற்கப்புறம் நூறு முறையாவது ரீசெட் பட்டனை அமுக்கியிருப்பேன், ஒரு முறை கூடத் தவறவில்லை. நீங்கள் வாங்கினால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், பின்பக்கத்தைக் கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த அண்டா சத்தத்துக்கு வருவோம். முதலில் ஆம்ப்ளிஃபையர் மேல்தான் சந்தேகம். அதன் உள்ளீட்டை ஒரு வயரால் கிரவுண்டோடு சேர்த்துவிட்டு மட்டும் ஆன் செய்தால் மெல்லிய 'டப்', அவ்வளவுதான். ஆக டொம் வருவது டிஏசி பக்கத்திலிருந்து. சிப்புக்குத் தனியாக ரீசெட் கால் கிடையாது, மின்சாரம் 2.8 வோல்ட்டைத் தாண்டியதும் தானே தயாராகிக்கொள்ளும். இஎஸ்பி32 அப்படி இல்லை, அது எழுந்து, பூட் ஆகி, என் கோட் ஓட ஆரம்பிக்கச் சில நூறு மில்லிநொடி ஆகிறது. அந்த இடைவெளியில் அதன் பெரும்பாலான கால்கள் உள்ளீடாகத்தான் கிடக்கும், அதாவது யாரையும் தள்ளாது, இழுக்காது. இந்தப் பக்கம் டிஏசியின் கால்கள், அந்தப் பக்கம் இஎஸ்பியின் கால்கள், இரண்டுமே அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருக்கின்றன. நடுவில் பத்து சென்டிமீட்டர் வயர் ஆன்டெனாவாக நிற்கிறது. எக்ஸ்எஸ்எம்டி மட்டும் பின்பக்கப் பட்டையால் நிரந்தரமாக மேலே கட்டப்பட்டிருப்பதால் வாய் திறந்தே இருக்கிறது.

சிக்னலின் மேல் கீழ் ஆட்டத்தைக் காட்டும் மலிவு லாஜிக் அனலைசர் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை வைத்துப் பார்த்தபோது, ரீசெட் நேரத்தில் பிசிகே கோட்டில் கண்டபடி துடிப்புகள் தெரிந்தன. சிப் பாவம், கிளாக் வந்துவிட்டது என்று எழுகிறது, தப்பான கிளாக் என்று தெரிந்ததும் படுக்கிறது, மறுபடி எழுகிறது. கிளாக்கில் எந்தக் கோளாறு என்றாலும் அது தானாக ஸ்டாண்ட்பைக்குப் போகும்படி செய்திருக்கிறார்கள், பிசிகேயும் எல்ஆர்சிகேயும் ஒரு நொடிக்கு மேல் கீழேயே கிடந்தால் சார்ஜ் பம்ப்பையும் அணைத்துவிட்டு முழுதாகத் தூங்கும். அருமையான ஏற்பாடு, ஆனால் கோடுகள் ஒழுங்காகக் கீழே கிடந்தால்தானே?

வைத்தியம் மொத்தம் மூன்று ரெசிஸ்டர். மூன்றாவது பட்டையில் இருந்த எச் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, எக்ஸ்எஸ்எம்டியிலிருந்து ஒரு மெல்லிய வயரை இஎஸ்பியின் ஒரு காலுக்குக் கொண்டுபோனேன், அதே இடத்திலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கே. பிசிகேக்கு ஒரு 10 கே, எல்ஆர்சிகேக்கு ஒரு 10 கே. இப்போது இஎஸ்பி தூங்கினாலும் செத்தாலும் ரீசெட்டில் கிடந்தாலும் டிஏசி ஊமையாகவே இருக்கும், யாராவது பொறுப்பாக வந்து மேலே தூக்கினால்தான் வாய் திறக்கும்.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிட வேண்டும். முதலில் ரெசிஸ்டர் எதுவும் போடாமல், கோட் பார்த்துக்கொள்ளும் என்று எக்ஸ்எஸ்எம்டியை இஎஸ்பியின் ஜிபிஐஓ 5 என்ற காலில் இணைத்தேன். பக்கத்தில் இருந்தது, வயர் குறைவு, அதுதான் காரணம். டொம் இன்னும் பெரிதாகிவிட்டது. ஏனென்றால் 5 என்பது பூட் நேரத்தில் இஎஸ்பி படித்துப் பார்க்கும் கால்களில் ஒன்று, ரீசெட்டின்போது உள்ளேயே அதற்கு புல் அப் உண்டு. நான் ஊமையாக்க நினைத்த நேரத்தில் அது அழகாக மேலே தூக்கி, பாடு பாடு என்று சொல்லிக்கொண்டிருந்தது. 0, 2, 5, 12, 15 ஐந்தும் அப்படிப்பட்ட கால்கள். 12இல் விளையாடினால் இன்னும் மோசம், ரீசெட் நேரத்தில் அது மேலே இருந்தால் ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட் என்று முடிவு செய்து பல போர்டுகள் பூட்டே ஆகாது. நான் கடைசியில் 27க்கு மாறினேன், தொந்தரவில்லாத கால்.

கோடில் வரிசை முக்கியம். முதல் வரியிலேயே 27ஐ வெளியீடாக்கிக் கீழே வைத்துவிடுங்கள். அப்புறம் ஐ2எஸ்ஸைக் கிளப்பி, வெறும் பூஜ்யமாகக் கொஞ்ச நேரம் அனுப்புங்கள், நான் 50 மில்லிநொடி விடுகிறேன், தாராளம். அதற்குப் பிறகுதான் 27ஐ மேலே தூக்குவது. நிறுத்தும்போது தலைகீழ், முதலில் கீழே இறக்கி, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் கிளாக்கை நிறுத்துவது. பொறுக்கச் சொல்வது ஏனென்றால் சிப் சட்டென்று வாயை மூடாது, ஒரு சாம்பிளுக்கு ஒரு டெசிபல் வீதம் 104 சாம்பிளில் இறங்கும். 44.1இல் அது இரண்டரை மில்லிநொடி கூட ஆகாது, ஆனால் அதையும் கொடுக்காமல் கிளாக்கைப் பிடுங்கினால் 'டிக்' என்று ஒன்று கேட்கும். ஸ்டேஷன் மாற்றும்போதும் இதையே செய்கிறேன். ஒன்று 44.1, இன்னொன்று 48 என்று இருந்தால் கிளாக் குதிக்கும்போது முன்பு ஒரு கிளிக் வரும், இப்போது இல்லை.

மூன்றாவது போர்டு மைத்துனர் வீட்டில், ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரோடு. அங்கே ரீசெட் சத்தம் ஆரம்பத்திலிருந்தே இல்லை, எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதிலும் கால்கள் ரீசெட்டில் உள்ளீடுதான், ஆனால் 9 முதல் 27 வரையிலான ஜிபிஐஓக்களுக்கு உள்ளேயே புல் டவுன் போட்டுத்தான் எழுகிறது. ஐ2எஸ்ஸுக்குப் பயன்படும் 18, 19, 21 மூன்றும் அந்தக் கூட்டத்தில் இருப்பதால் கோடுகள் சமர்த்தாகக் கீழே கிடக்கின்றன. அங்கே தொந்தரவு கரண்ட் போகும்போது. இவர் சுவிட்சை நேராக அணைப்பவர், ஷட்டவுன் எல்லாம் தெரியாது. அதற்கும் எக்ஸ்எஸ்எம்டியிலேயே வழி இருக்கிறது. அந்தக் காலில் வோல்ட்டேஜ் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மெதுவாக மியூட், 1.2க்குக் கீழே போனால் உடனடி அனலாக் மியூட். ஆகவே அங்கேயும் எச் ஈயத்தை எடுத்துவிட்டு, 12 வோல்ட் சப்ளையிலிருந்து 33 கே, கிரவுண்டுக்கு 10 கே போட்டு, நடுவிலிருந்து எக்ஸ்எஸ்எம்டிக்குக் கொடுத்தேன். சாதாரணமாக 2.8 வோல்ட் இருக்கும், 12 என்பது எட்டரைக்கு இறங்கும்போதே 2ஐத் தொட்டுவிடும், ராஸ்பெர்ரி பைக்குப் போகும் 5 வோல்ட் இன்னும் ஆடாத நேரம். கரண்ட் போவது ராஸ்பெர்ரி பைக்குத் தெரியும் முன்னால் டிஏசிக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த ஒரு காலுக்காகவே இந்த சிப்பை எனக்குப் பிடித்துப்போனது.

மற்ற சிப்கள் எப்படி என்று கேட்டால், ஒவ்வொன்றும் ஒரு குணம். பாட்டைப் பதிவு செய்யப் பயன்படும் பிசிஎம் 1808 இதே நிறுவனத்தின் ஏடிசி, அதாவது அனலாக்கை டிஜிட்டலாக மாற்றும் சிப், அதில் மோட் கால்களுக்கும் ஃபார்மட் காலுக்கும் உள்ளேயே 50 கே அளவில் புல் டவுன் உண்டு, ஒன்றும் இணைக்காவிட்டால் ஸ்லேவ் (வெளியிலிருந்து வரும் கிளாக்கைப் பின்பற்றுவது), ஐ2எஸ் என்று நல்ல பிள்ளையாக நிற்கும். டிஏசியும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக உள்ள மேக்ஸ் 98357ஏ இன்னும் ஒரு படி மேலே, எவ்வளவு பெருக்க வேண்டும் என்று சொல்லும் கெயின் காலை அந்தரத்தில் விடுவதே ஒரு தேர்வு, 9 டெசிபல் என்று அர்த்தம். மியூட் வேலை செய்யும் காலுக்கும் உள்ளே 100 கே புல் டவுன் இருக்கிறது, விட்டால் தூங்கிவிடும். புதிதாக ஆரம்பிப்பவர், ஒரு சின்ன ஸ்பீக்கர் மட்டும் போதும் என்பவர், அதை வாங்குவது நிம்மதி. ஸ்டீரியோ வேண்டும், நல்ல ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது என்றால் 5102தான்.

சத்தம்? குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாட்டு நிற்கும் இடங்களில் இரைச்சல் என்பதே காதில் விழுவதில்லை, நாதஸ்வரத்துக்குப் பின்னால் தவில் தனியாகத் தெரிகிறது. ஜாக்கில் ஹெட்போன் சொருகாதீர்கள், அது அதற்கு இல்லை. குறைந்தது 1 கிலோ ஓம் சுமை வேண்டும் என்கிறது டேட்டாஷீட், 32 ஓம் ஹெட்போனைச் சொருகினால் பாட்டு நசுங்கித்தான் வரும். ஹெட்போன் ஜாக் மாதிரியே ஒன்றை வைத்துவிட்டு இதை எங்கும் எழுதாமல் விட்டதும் போர்டு செய்தவரின் கைங்கரியம்தான்.

அம்மா வீட்டு ரேடியோ ப்ளக்கில் திரும்ப ஏறி ஆறு வாரம் ஆகிறது. போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் மூன்றுக்கு வந்திருக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. காலையில் போன் செய்து பெருமையாகக் கேட்டேன். "அதான்டா, முன்னாடி டொம்முனு கேட்டா கரண்ட் வந்துருச்சுன்னு எந்திரிச்சு மோட்டார் போட்ருவேன். இப்ப தெரியவே மாட்டேங்குது, தொட்டில சொட்டுத் தண்ணி இல்ல" என்றாள்.